இடப்பக்கம் வந்த சைக்கிள்

என் தங்க மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, மாடிப்படி ஏறும்போது படிக்கு ஒரு முனகல், இறங்கும்போது இரண்டு. மற்றபடி எங்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அப்பா கையில் கொடுத்துவிட்டேன், கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே கண்ணு. "ஏம்மா, மாமா வேலைய நீதான் பறிச்சேன்னு அத்தை அழறாங்களே, நெஜமா?" என்று நீ கேட்டாய். போனில் சொன்னால் பாதியில் உடைந்துபோவேன், அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. நான் டிப்போ பட்டறையில் செய்த அந்த டிரைவிங் கேபின் உனக்கு நினைவிருக்கும், டிப்போவில் எல்லோரும் பொம்மை பஸ் என்பார்களே, அதுதான். பழைய பஸ்ஸின் முன்பக்கத்தை அறுத்து இரும்புச் சட்டத்தில் ஏற்றி, சுற்றிலும் மூன்று பெரிய திரை வைத்து, ஸ்டியரிங்கிலும் பெடல்களிலும் இருந்து வயர் இழுத்து நானே செய்த சர்க்யூட் போர்டில் சேர்த்தேன். முதலில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் படம் ஓர் இமைப்பொழுது பிந்தித் திரும்பும், அதனால் ஏறியவனெல்லாம் வாந்தி எடுத்தான், நீயும்தான் என் மடியிலேயே எடுத்தாய். அந்தப் பிந்துதலைச் சரிசெய்ய எத்தனை போர்டு கருக்கினேன் என்று அப்பாவைக் கேள், கணக்கே இல்லை என்பார். பள்ளத்தில் இறங்கினால் சீட்டு தூக்கிப்போடும், பிரேக் மிதித்தால் நிஜ பஸ் மாதிரியே காற்று புஸ்ஸென்று போகும். புதிதாகச் சேர்கிறவர்கள் நிஜ ரோட்டில் ஒருவரையும் இடிக்காமல் இங்கேயே இடித்துப் பழகட்டும் என்றுதான் அதைச் செய்தேன்.

இந்த வருஷம் நிர்வாகத்தில் ஒரு புது உத்தரவு போட்டார்கள், பழைய டிரைவர்களும் அதில் ஓட்டிக் காட்டவேண்டும், தேறாதவருக்கு ஸ்டியரிங் கிடையாது என்று. உன் மாமா சிரித்துக்கொண்டே வந்தான். "எங்க அக்கா பெத்த வண்டி இது, எனக்குப் போயி துரோகம் பண்ணுமா?" என்று வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினான். திரையில் ஒரு சைக்கிள்காரன் சந்திலிருந்து வந்தான், மாமா பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. அப்புறம் பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை, அதையும் இடித்தான். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார்கள், அப்போதும் அதேதான். பிரேக் பிடிப்பதில் மந்தம், வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று எழுதி அவனை டயருக்குக் காற்றடிக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் ஒரு கோழியைக்கூட அடிக்காதவன். அன்று நேரே நம் வீட்டுக்கு வந்தான், கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கவில்லை, வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "அக்கா, ஒரே ஒரு வார்த்த சொல்லு. மெஷின்ல கோளாறுன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க, எனக்கு அது போதும்" என்றான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் பெடலைக் கழற்றிப் பார்த்தேன், சென்சாரை மாற்றினேன், திரைகளை இடம் மாற்றி வைத்தேன், மெஷினில் ஒரு குறையும் இல்லை. இல்லாத கோளாறை இருக்கிறது என்று சொல்லி அவனை ஒரு பஸ் நிறைய ஜனங்களோடு அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. அத்தை வந்து கூடத்தில் உட்கார்ந்து அழுதாள், "அண்ணி, உங்க வாயில ஒரு பொய் வந்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள். அப்பாவும் என் பக்கம் நிற்கவில்லை. "நீ உன் தம்பிக்கு அக்காவா, அந்தப் பெட்டிக்கு அம்மாவா, மொதல்ல அத முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மாமா ஓட்டியதை மறுபடியும் திரையில் ஓடவிட்டுப் பார்த்தேன். எதிரே லாரி வந்தபோது அவன் பிடித்த பிரேக்கைப் பார்த்தால் சின்னப் பையன்கள் தோற்றுவிடுவார்கள், வலப்பக்கம் திடீரென்று வந்த ஆட்டோவுக்கும் அப்படியே. இடித்ததெல்லாம் இடப்பக்கத்திலிருந்து வந்தவை. மந்தமாக இருப்பவன் எல்லாப் பக்கமும் மந்தமாகத்தானே இருக்கவேண்டும்? அடுத்த விடுமுறை நாளில் டிப்போ காலியாக இருந்தபோது மாமாவை வரச்சொன்னேன். அவனுக்குச் சொல்லாமல், சாலைப் படத்தில் இடப்பக்கமிருந்து வருபவற்றை எல்லாம் வலப்பக்கத்துக்கு மாற்றி வைத்தேன். அந்தச் சைக்கிள்காரன் இப்போது வலப்பக்கமாக வந்தான். மாமா அவனுக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டான். குழந்தைக்கும் நிறுத்தினான். கடைசிவரை ஓட்டி முடித்துக் கைதட்டிச் சிரித்தான், "பாத்தியாக்கா, நான் அப்பவே சொல்லல? உன் வண்டியிலதான் கோளாறு!" என்றான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை மகளே. அத்தைக்குச் சொல்ல வேண்டுமென்று போனை எடுத்தான், நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுடா" என்று சொல்லி, என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சீட்டில் நேராக உட்கார்ந்து எதிரே பார்த்தபடி இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான். "கையவே காணோமேக்கா" என்றான், சின்ன வயதில் எதையாவது தொலைத்துவிட்டு வந்து நிற்பானே அந்தக் குரலில்.

அப்புறம் நடந்ததுதான் உனக்கு அரைகுறையாகத் தெரியும். கண் டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்றார், அதனால்தான் வருஷா வருஷம் கண் பரிசோதனையில் எதிரே இருக்கும் எழுத்தைப் படித்துக்காட்டித் தேறிவந்திருக்கிறான். ஸ்கேன் எடுத்ததில் மூளையின் பின்பக்கம் ஒரு கட்டி, அது இரண்டு கண்ணுக்கும் இடப்பக்கத்துப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்திருக்கிறது. கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வதும், டிப்போ வாசலில் பஸ்ஸின் இடப்பக்கம் உரசியதும் எல்லாருக்கும் தெரியும், அத்தைகூட எங்கே கவனம் என்று திட்டுவாளாம், யாருக்கும் அப்படி ஒரு எண்ணமே வரவில்லை. ஆபரேஷனில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள், முழுவதும் எடுக்க முடியவில்லை. போன பார்வை திரும்பாது என்று டாக்டர் அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மீதியை என்னையும் அப்பாவையும் மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், விட்டது மறுபடியும் வளரும், இரண்டு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்து அப்பா என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். அத்தைக்கு அன்று சாயங்காலம் நான்தான் சொன்னேன். "தெரியாமலே இருந்திருந்தா அந்த ரெண்டு வருஷமாவது நிம்மதியா வண்டி ஓட்டியிருப்பாரு அண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள்தான், இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவளைக் குறை சொல்லாதே, அவள் இடத்தில் இருந்தால் நானும் யார்மேலாவது கோபித்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். டிப்போவில் பொம்மை பஸ்ஸுக்கு இப்போது ஆஸ்பத்திரி பஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஏறினால் வியாதியோடு இறங்குவோம் என்று டிரைவர்கள் தேர்வன்று லீவு போடுகிறார்கள். நான் யாரையும் கேட்காமல் இடப்பக்கம், வலப்பக்கம் வருபவற்றுக்குப் பிடிக்கும் பிரேக்கைத் தனித்தனியாகக் காட்டும்படி போர்டை மாற்றிவிட்டேன். இனி ஒருவனை மந்தம் என்று ஒரே வார்த்தையில் தள்ள முடியாது. மேலதிகாரி கூப்பிட்டு உத்தரவில்லாமல் ஏன் கைவைத்தாய் என்று கேட்டார், கழற்றச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். இன்னும் கழற்றச் சொல்லவில்லை.

மாமா நடக்கிறான், பேசுகிறான், சாப்பிடுகிறான். ஆட்கள் இருந்தால் கேலியெல்லாம் பண்ணுகிறான். போன வாரம் நாங்கள் இரண்டுபேர் மட்டும் அவன் வீட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தோம், கீழே தெருவில் பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவன், "அக்கா, இத்தன மாசமா நான் பஸ் ஓட்டினேனே, இந்தப் பக்கத்துல எத்தன பேரு வந்திருப்பாங்க? அவங்கள்லாம் அவங்களாவே ஒதுங்கிப் போயிருக்காங்க, நான் நிறுத்தல" என்றான். வேலை போனதற்கு அழாதவன், பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னதற்கு அழாதவன், இதைச் சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையேடா என்று மட்டும் சொன்னேன். அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

அதனால் மகளே, அத்தை மறுபடி போன் செய்தால் எனக்காக வாதாடாதே, கேட்டுக்கொள், அழுதால் அழவிடு. வேலை வேலை என்று தள்ளிப்போடாமல் லீவு கேள், இந்த வருஷமே வா, மாமா உன்னை நன்றாகப் பார்த்துப் பேசும் நாளிலேயே வந்துவிடு. வரும்போது அவன் வலப்பக்கமாகப் போய் நின்று கூப்பிடு, இடப்பக்கம் நின்று தோளைத் தொட்டால் பதறிப்போகிறான். மாப்பிள்ளையிடம் எங்கள் அன்பைச் சொல். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, தலைவலி வந்தால் மாத்திரை போட்டு அமுக்காமல் டாக்டரிடம் காட்டு, இந்த ஒன்றிலாவது அம்மா பேச்சைக் கேள். நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும்.

உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா