வாஷ்பேசினில் ஒரு கை

என் தங்கை பெற்ற நர்ஸம்மாவுக்கு,

இதயம் பலவீனமானால் உடம்பில் நீர் கோத்து எடை ஏறும், தினமும் எழுதுங்கள் என்று நீ கொடுத்த நோட்டில்தான் எழுதுகிறேன். இருபது நாளும் அறுபத்தெட்டு கிலோ! உலகத்தில் எவனுக்கும் இப்படி நின்றதில்லை. நீ உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து உப்பு டப்பா என்னைக் கண்டாலே ஒளிந்துகொள்கிறது.

செருப்புதான் சுருங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, மூன்று தலையணை வைத்துப் படுக்கிறேன்; ராஜாக்கள் அப்படித்தான் படுப்பார்களாம்.

இன்று காலை உன் அத்தை குளியலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"எடை மெஷின்ல நின்னுக்கிட்டு வாஷ்பேசினை எதுக்கு அழுத்துறீங்க?"

"விழுந்துடக் கூடாதுல்ல?"

"கையை எடுங்க."

எடுத்தேன். அறுபத்தெட்டில் நின்ற முள் எழுபத்திரண்டுக்கு ஓடியது. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவளோ என் காலை மடியில் வைத்து விரலால் அமுக்கினாள். குழி விழுந்து அப்படியே நின்றது.

ஆட்டோ வந்துவிட்டது. உன் ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறோம். நேரில் சொல்ல வெட்கம், அதனால் நோட்டை உன் கையில் கொடுத்துவிடுவேன். திட்டுவதை அத்தை இல்லாதபோது திட்டு.

எனக்கு ஒன்றும் ஆகாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் பொய்யாக்காமல் பார்த்துக்கொள், தாயி.

இப்படிக்கு,
எழுபத்திரண்டு கிலோ மாமா