பத்தாம் நம்பர் ஸ்பேனர்

ஜனவரி 9, செவ்வாய்

காலை ஐந்து மணி. கார் கண்ணாடியில் விரல் கனத்துக்கு உறைபனி. சாவியைத் திருப்பி, ஹீட்டர் பிளக் விளக்கு அணையும்வரை பொறுத்து, மறுபடி திருப்பினால் ஒரே ஒரு ‘டிக்’. அவ்வளவுதான். இருபத்திரண்டு வயது டீசல் வண்டி. குளிர் வந்தால் அதற்கும் எனக்கும் சேர்ந்தே மூட்டு பிடித்துக்கொள்கிறது.

இவர் பின் சீட்டில் போர்வைக்குள். “ஆகலேன்னா விடேன். ஒரு நாள்தானே” என்றார். ஒரு நாள்தானாம்! இரண்டு கிட்னியும் கைவிட்ட மனுஷன் பேசுகிற பேச்சா இது? செவ்வாய், வியாழன், சனி, ஆறரைக்கு டயலிசிஸ். முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான். டாக்ஸி பிடித்தேன். சலவைக்கூடத்தில் நான் இரண்டு நாள் மாரடித்தது அந்த மீட்டரில் போயிற்று.

ஜனவரி 10

பேட்டரிதான் போய்விட்டது என்று நானே முடிவுகட்டி, பழைய சாமான் கடையில் பாதி விலைக்கு ஒன்று வாங்கி, கடைப் பையனைக் கூட்டிவந்து மாட்டவைத்தேன். இந்த மாதம் புது ஸ்வெட்டர் கிடையாது. யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜனவரி 16, செவ்வாய்

மறுபடி டிக். பக்கத்துத் தெரு மெக்கானிக்கைத் தூக்கத்திலிருந்து எழுப்பி இழுத்து வந்தேன். பானட்டைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தார். “பேட்டரி டெர்மினல் லூஸு, அக்கா. பத்தாம் நம்பர் ஸ்பேனர்ல ஒரு சுத்து, முடிஞ்சுது. பழைய வண்டி, அதிர்வுல கழலும்.” காசு வாங்கவில்லை. ஸ்பேனரையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அப்படியானால் போன வாரம் பேட்டரி நன்றாகத்தான் இருந்ததா? என் ஸ்வெட்டர் காசு வீண்.

ஜனவரி 20, சனி

மறுபடி லூஸ். நானே முறுக்கினேன். பத்து நிமிஷம் தாமதம்.

ஜனவரி 21

வேலைக்குப் போகிற திங்கள், புதன், வெள்ளியில் ஒருநாளும் கழலவில்லை. அதிர்வுக்குக் கிழமை தெரியுமா?

ஜனவரி 22

நட்டின் மேலும் அதைப் பிடித்திருக்கும் கவ்வியின் மேலும் சேர்த்து நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டுவைத்தேன். திரும்பினால் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

ஜனவரி 23, செவ்வாய்

கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது.

ஜனவரி 24

எழுதவே கை வரவில்லை. நேற்று முன்தினம் சாயங்காலம் “காலாற நடந்துட்டு வரேன்” என்று கீழே போனாரே, அப்பாடா, நடக்கிற தெம்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேனே. அசடு! முப்பது வருஷம் லாரி ஓட்டியவருக்கு எந்த நட்டைத் தொட வேண்டும் என்று சொல்லித்தர வேண்டுமா? டூல் பெட்டி அவருடையது. குளிரால்தான் ஸ்டார்ட் ஆகவில்லை என்று என்னை நம்பவிட்டு, வேண்டாத ஒரு பேட்டரியை வேறு வாங்கவிட்டு — பக்கத்தில் படுத்துத் தூங்குகிறார். உலுக்கி எழுப்பிக் கேட்டால் என்ன?

கேட்கவில்லை.

ஜனவரி 27, சனி

இப்போது இது ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் சாயங்காலம் தளர்த்துகிறார். நான் விடியுமுன் இறங்கிப்போய் முறுக்குகிறேன். இன்ஜின் சத்தம் கேட்டதும் அவர் காலுறையை மாட்டிக்கொள்கிறார். வழியெல்லாம் பனியைப் பற்றிப் பேசுகிறோம். முப்பத்தோரு வருஷக் குடித்தனம், கடைசியில் ஒரு நட்டோடு வந்து நிற்கிறது.

பிப்ரவரி 3, சனி

ஊசியைக் கழற்றியதும் இவர் வாந்தி எடுத்தார். கெண்டைக்கால் இழுத்துக்கொள்ள, சத்தம் போடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். “போதும்னு எங்ககிட்ட மூணு தடவை சொல்லிட்டாரும்மா. நிறுத்தறதுன்னா அவர் முடிவுதான், டாக்டரும் பேசிட்டார். நிறுத்தினா ஒரு வாரம், பத்து நாள். உங்ககிட்ட சொல்லத்தான் பயப்படறார்.”

என்னிடம் பயமா? பிரேக் போன லாரியை மலையிலிருந்து இறக்கியவருக்கு என்னிடம் என்ன பயம்?

பிப்ரவரி 5

கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

பிப்ரவரி 8, வியாழன்

புதிதாகப் போட்டிருந்த கோடு உடையாமல் அப்படியே இருந்தது. நட்டு நான் முறுக்கிய மாதிரியே. சந்தோஷத்தில் அங்கேயே அழுதேன். மனசு மாறிவிட்டார், வாழலாம் என்று நினைத்துவிட்டார் என்று.

பிறகு டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். நட்டின் ஓரங்களில் புதுக் கீறல்கள். ஸ்பேனர் நாலைந்து தடவை வழுக்கியிருக்கிறது. நேற்றுக் கீழே போனவர் அரைமணி கழித்து, விரல் முட்டி தேய்ந்த கையைப் பாக்கெட்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. விரல் மரத்துவிட்டது. என் கைக்கு ஒரே சுற்றில் கழன்றது.

மேலே வந்தேன். காலுறையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “வண்டி ஸ்டார்ட் ஆகலேங்க” என்றேன். என் முகத்தையே பார்த்தார்.

“குளிர் அப்படி” என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை வருவாரா என்று நர்ஸ் கேட்டாள். வரமாட்டார் என்றேன். “சரிம்மா” என்று போனை வைத்தாள்.

டீ போட்டேன். தண்ணீர் அதிகம் சேரக்கூடாதென்று இரண்டு வருஷமாக அளந்து அளந்து கொடுத்த கால் டம்ளர் இல்லை, முழு டம்ளர். ஊதி ஊதிக் குடித்து முடித்தார்.

“இன்னும் கொஞ்சம் இருக்கா?”

இருந்தது. ஊற்றினேன்.