உன் சித்தியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்த கதை

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். அப்பாவின் முழங்காலைக் கேட்டால் அது வேறு பதில் சொல்லும், இருந்தாலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் மாடிக்கு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும், எங்களுக்கு வேறென்ன வேண்டும். போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "ம், இருக்கேன்" என்கிறாய். பெற்றவளுக்கு அந்த 'ம்' போதும், மீதியை நானே தெரிந்துகொள்வேன். போன தடவை பேசும்போது உன் பிரிவுத் தலைவி நீ வரைந்த கட்டட வரைபடங்களைத் தன் வேலை மாதிரி காட்டிக்கொள்கிறாள், இருவருக்கும் பேச்சே இல்லை, அலுவலகத்தில் ஒரு மத்தியஸ்தரை வைத்துப் பேசிப் பாருங்கள் என்கிறார்கள் என்று சொன்னாய். "செய்யாத தப்புக்கு நான் எதுக்கும்மா போய் உட்காரணும், அதுக்கு வேலையை விட்டுட்டுப் போறேன்" என்றாய். நான் பதில் சொல்லவில்லை, லைன் போய்விட்டது என்று நீ வைத்துவிட்டாய். லைன் போகவில்லை. உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தேன், அதை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

உன் சித்திக்கும் எனக்கும் சின்ன மனஸ்தாபம் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். அது சின்னதில்லை. பல மாதம் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒரே கடைக்குள் காலையில் நுழைந்து சாயங்காலம் வெளியே வருவோம், வழியில் போகிற யாரோ மாதிரி. கடை போனால் போகட்டும், இருக்கிற ஒரே தங்கை கையை விட்டுப் போய்விடுவாளோ என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ தூரத்தில் இருக்கிறாய், உன்னையும் சேர்த்துக் கலங்க வைப்பானேன் என்றுதான் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். நம் சலவைக் கடையில் பின்பக்கத்துக் கறை மேஜை அவளுடையது, முன்பக்கத்து நீராவி இஸ்திரி என்னுடையது என்பது நீ பார்த்து வளர்ந்ததுதான். கறை முழுக்கப் போகாத துணியில் அவள் ஒரு ஊக்கு குத்தி அனுப்புவாள், ஊக்கு இருந்தால் நான் தொட மாட்டேன். சூடு பட்டுவிட்டால் கறை நூலோடு இறுகிவிடும், அப்புறம் எந்தக் கறை மருந்துக்கும் அசையாது. இசைக்குழுவை நடத்துகிற பெரியவர் ஒருவர் மேடைக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டைக் கொடுத்திருந்தார், கை ஓரத்தில் டீ பட்டிருந்தது. அது என் பலகைக்கு வந்தபோது ஊக்கு இல்லை. நீராவி விட்டு அழுத்தி எடுத்தேன், கை ஓரம் பிஸ்கட் நிறத்தில் எழும்பி வந்தது. ஊக்கு குத்தித்தான் அனுப்பினேன் என்கிறாள் அவள், இல்லவே இல்லை என்கிறேன் நான். கீழே தேடிப் பார்க்கலாம் என்றால் நம் கடைத் தரையைக் கூட்டினால் ஒரு கைப்பிடி ஊக்கு வரும், அதில் எதைச் சாட்சிக்குக் கூப்பிடுவது. கோபத்தில் எல்லோர் முன்னாலும் "உனக்கு இந்த வேலையில மனசே இல்ல, அதான் இப்படி" என்று சொல்லிவிட்டேன். அவள் பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு நின்ற பேச்சு.

அதன் பிறகு அவள் செய்ததைக் கேள். அன்று முதல் எல்லாத் துணியிலும் ஊக்கு. கறையே இல்லாத சட்டை, தலையணை உறை, ஜன்னல் திரை, எதுவும் பாக்கி இல்லை. ஊக்கு இல்லை என்றுதானே சொன்னாய், இந்தா என்கிற மாதிரி. நான் எதை இஸ்திரி போடுவது, எதை விடுவது. நானும் சளைத்தவளா, எல்லாவற்றையும் அப்படியே திருப்பி அனுப்பினேன். துணி பின்பக்கத்துக்கும் முன்பக்கத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தது. ஒரு வாடிக்கையாளர் சட்டையைப் போட்டுக்கொண்டு முதுகில் குத்து வாங்கித் திரும்பி வந்தார். இந்தக் கூத்தில் அதிகம் அவஸ்தைப்பட்டது துணி மடித்துக் கட்டுகிற அம்மா, மணிக்கட்டில் பொட்டலம் ஒட்டுகிற டேப்பை மாட்டிக்கொண்டே திரிவதால் நீ 'டேப் அம்மா' என்று பெயர் வைத்தாயே, அவர்தான். அக்காவிடம் நீராவி குறைகிறது என்று சொல், தங்கையிடம் மருந்து தீர்ந்துபோச்சா என்று கேள், இதுவே வேலை. கடைசியில் உன் சித்தி கடையைப் பிரித்துக்கொள்ளலாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள் என்றபோது டேப்பைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டாராம். "நான் துணி மடிக்க வந்தவ, இதையெல்லாம் உங்க வாயாலயே சொல்லிக்கோங்க" என்று எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

உன் பெரிய மாமா சும்மா இருப்பாரா, சமாதானம் பண்ண வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு "நீ மூத்தவ, நீதான் விட்டுக்கொடுக்கணும்" என்றார். அவளைத் தனியாகக் கூப்பிட்டு "நீ சின்னவ, நீதான் தணிஞ்சு போகணும்" என்றார். நன்றாகச் சாப்பிட்டார், அப்பாவோடு சீட்டாடினார், கிளம்பிப் போய்விட்டார். எங்கள் இருவருக்கும் முன்பிருந்ததைவிடக் கோபம் கூடியதுதான் மிச்சம். அப்போதுதான் டேப் அம்மா, தன் தம்பிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சுவர் விஷயத்தில் நடந்த சண்டையை ஒரு மத்தியஸ்தர் தீர்த்து வைத்தார் என்று சொல்லி அவருடைய நம்பரை எங்கள் இருவரிடமும் தனித்தனியாகக் கொடுத்தார். சண்டை தீர்ப்பதற்கென்று படித்துவிட்டு ஒரு ஆளா, அவர் வந்து எங்கள் இருவரையும் சேர்த்து வைப்பாரா என்று நான் சிரித்தேன். சிரித்தவள்தான் முதலில் போன் பண்ணினேன்.

நூலகத்துக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறை. வட்ட மேஜை, தண்ணீர், ஒரே மாதிரி நாற்காலிகள், சுவரில் ஒரு படம்கூட இல்லை. மத்தியஸ்தர் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், முடியை வாரி முடிந்திருந்தார், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர் மாதிரி இருந்தார். முதலில் எங்களைத் தனித்தனியாகப் பார்த்தார். நான் கோட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன், வழக்கு நடத்துகிற வக்கீல் மாதிரி விரித்துக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நான் யார் பக்கம் நியாயம்னு சொல்ல மாட்டேங்க, அது என் வேலை இல்ல" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. அப்படியானால் நீங்கள் எதற்கு என்று நேராகவே கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க சொல்றது அவங்க காதுல விழணும், அவங்க சொல்றது உங்க காதுல விழணும், அதுக்குத்தான் நான்" என்றார். இன்னொன்றும் கேட்டார், அது எனக்கு ரொம்ப ரோஷமாகிவிட்டது. தங்கையோடு ஒரே அறையில் உட்காரப் பயமா என்று கேட்டார். எனக்கா, அவளிடமா என்றேன். அவளிடமும் இதையே கேட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அதற்கு அவள் "பயம் இல்ல, நான் ஒண்ணு சொன்னா அக்கா உடைஞ்சு போயிடுவாளோன்னுதான்" என்றாளாம். அவள் சரி என்ற பிறகுதான் அந்த அம்மா எங்களைச் சேர்த்து உட்கார வைத்தார்.

கண்ணு, அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷம் அந்தக் கடையில் அவள் கறை மேஜையைப் பார்த்து நிற்பாள், நான் பலகையைப் பார்த்து நிற்பேன். முதுகுக்கு முதுகு காட்டித்தான் பேசியிருக்கிறோம். அந்த மேஜையில்தான் அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தேன், கண்ணுக்குக் கீழே எவ்வளவு கருத்திருக்கிறாள். அந்த அம்மா ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ஒருத்தி பேச வேண்டும், மற்றவள் குறுக்கே பேசாமல் கேட்டு, என்ன கேட்டாள் என்பதைத் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும், பேசியவள் ஆமாம் என்று ஒப்புக்கொண்டால்தான் அடுத்தது. சுலபம் என்று நினைத்தேன். உன் சித்தி பேசி முடித்ததும், ஊக்கு குத்தியதாக அவள் பொய் சொல்கிறாள் என்று ஆரம்பித்தேன். "அவங்க அப்படிச் சொல்லலையே" என்றார் அந்த அம்மா, சிரிக்காமல். திரும்பவும் முயன்றேன், திரும்பவும் தப்பு. சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாமல் நின்ற மாதிரி நின்றேன், உன் சித்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாதக் கணக்கில் அவள் சிரித்துப் பார்க்காத எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

ஊக்கைப் பற்றி நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததும், "அது தெரிஞ்சா நாளைக்கு உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன மாறும்" என்று கேட்டார். அதை நான் யோசித்ததே இல்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. சும்மா இருந்தார். எனக்கு இஸ்திரியில் எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியும், அவருக்கு எங்கே அழுத்தக்கூடாது என்று தெரிந்திருந்தது. அந்த அமைதியில்தான் உன் சித்தி வாயைத் திறந்தாள். "அக்கா அன்னைக்குச் சொன்னது உண்மைதான், எனக்கு இந்த வேலையில மனசு இல்ல" என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது எனக்கு. ஒரு நொடிதான். அவள் தொடர்ந்து சொன்னாள், எவ்வளவோ காலமாகவே இல்லை, அக்கா நீ ஆரம்பித்த கடை, நான் போனால் நீ தனியாகிவிடுவாயே என்று இருந்துவிட்டேன், கையில் மருந்து வாசனை இல்லாமல் ஒரு நாள் சாப்பிட வேண்டும், களைப்பாக இருக்கிறது அக்கா என்றாள். அதை நான் என் வாயால் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. என் தங்கைக்குக் களைப்பாக இருக்கிறது, எனக்காகத்தான் இவ்வளவு நாள் இருந்தாள் என்று சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் அழுதுவிட்டேன். அந்த அம்மா தண்ணீரை என் பக்கம் தள்ளி வைத்தார், அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் முதுகைத் தட்டி, அழாதீங்க, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்திருப்பார்கள். நான் முடிக்கிறவரை காத்திருந்தார். உன் சித்தி ஆமாம் என்றாள்.

சேர்ந்தே இருக்க வேண்டும் என்றுதான் நான் அங்கே போனேன், பிரிந்து வந்தோம். கறை மேஜைக்கு ஒரு புதுப் பெண்ணைப் பழக்கிவிட்டு அவள் விலகிக்கொள்வது, அவள் பங்கை எப்படித் தருவது, வாடிக்கையாளர்களுக்கு என்ன சொல்வது, எல்லாவற்றையும் எங்களையே பேச வைத்து, எங்கள் வார்த்தையிலேயே எழுதி வாங்கினார் அந்த அம்மா. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் கடையோடு அவளையும் தொலைத்திருப்பேன். அந்த அம்மா படித்த படிப்பை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் இருவரில் ஒருத்தியையும் அவருக்கு முன்பின் தெரியாது, ஆனால் உறவுக்காரர் யாருக்கும் கிடைக்காத உண்மையை எங்கள் வாயிலிருந்தே எடுத்தார், தனக்கென்று ஒரு சொல் பாராட்டுக்கூட எதிர்பார்க்கவில்லை. அதுவரை சாக்குச் சொல்லி இழுத்து வைத்திருந்த அந்தக் கோட்டுக்காரரிடம் நாங்கள் இருவருமே போய்ச் சொன்னோம், கையை மடித்துப் போட்டுக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். ஊக்கு என்ன ஆயிற்று என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதனால் சொல்கிறேன், நீ போய் உட்கார். போய் உட்கார்ந்தால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகாது, அதை என்னைப் பார்த்தாவது நம்பு. உன் தலைவி உன்னை மிரட்டுகிறாள், கேவலப்படுத்துகிறாள் என்றால் கதை வேறு, அதற்குப் புகார் கொடுக்க வேண்டும், பயமா என்று கேட்டபோதே அந்த அம்மா அதைத் தெளிவாகச் சொன்னார். அப்படி இல்லை, பேச்சுதான் நின்றுபோயிருக்கிறது என்றால் உன் வரைபடத்தைக் கையோடு கொண்டு போ, வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு வந்த மாதிரி, நீ எதிர்பார்க்காத பதில் உனக்கும் வரலாம், அதைக் கேட்கிற தைரியத்தையும் கொண்டு போ. அதற்குப் பிறகும் வேலையை விடத் தோன்றினால் விடு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு விடு. உன் அறை இங்கே அப்படியேதான் இருக்கிறது.

அப்படியே என்றால் இப்போது காலியாக இல்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சித்தி கடையை விட்டு நின்ற பிறகு வருகிற முதல் ஞாயிறு. சாப்பிட வா என்று கூப்பிட்டேன், வருவாளோ மாட்டாளோ என்று காலையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்தாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள், கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் படுத்துக்கறேன் அக்கா என்று உன் கட்டிலில் சாய்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் நடக்கிறார். நான் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன், யாராவது பெல் அடித்தால் எழுந்துவிடுவாளே என்று.

நீ நினைத்தது நடந்து, நல்ல உடம்போடும் நல்ல பெயரோடும் நீடூழி இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்து வரை. சித்தியைப் பற்றி என்னிடம் விசாரிக்காதே, அவளுக்கே போன் பண்ணு. சாயங்காலத்துக்கு மேல் பண்ணு, இப்போது வேண்டாம்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா