கடலுக்கு அப்பால் என்றால் எந்தப் பக்கம், அண்ணா?

என் செல்ல அண்ணா,

நீ விட்டுப்போன சந்தேகம் தீர்ந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மண்டை வெடித்துவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பழைய பூகோளப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ‘டிரான்ஸ்மரைன்’ என்ற வார்த்தையோடு மல்லுக்கட்டினாயே! “டிரெயின கப்பல்ல ஏத்துவாங்கல்ல, அதான் புள்ள” என்று அளந்தாய். ரயில்வே குமாஸ்தாவுக்கு வேறென்ன தோன்றும்? நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

மாதா கோயிலில் உனக்காக வைத்த பூசை முடிந்ததும் சாமியாரிடம் கேட்டேன். லத்தீனிலிருந்து வந்ததாம். ‘டிரான்ஸ்’ என்றால் அப்பால், ‘மாரே’ என்றால் கடல். கடலுக்கு அப்பாலுள்ள நாடு, ஜனம், சரக்கு எதற்கும் முன்னால் போட்டுக்கொள்ளலாமாம். இப்போது யாரும் அப்படி எழுதுவதில்லையாம். ஞாயிறுதோறும் லத்தீன் பூசையில் முழந்தாளிட்டோமே, ஒரு வார்த்தைக்காவது அர்த்தம் கேட்டோமா?

எனக்கு அதோடு விட மனசில்லை. “அப்பால்னா எந்தப் பக்கம் சாமி, நாகப்பட்டினமா, மலாயாவா?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “நீ நிற்கிற கரைக்கு எதிர்க்கரை, மகளே.”

வீட்டுக்கு வந்தால் கிள்ளானில் வேலை பார்க்கும் சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார். வேலையை விட்டுவிட்டு, அடுத்த வாரம் போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுகிறார். “ரயில்வேக்காரன் குவார்ட்டர்ஸையும் காலி பண்ணச் சொல்லிட்டான். ஒத்தப் பொம்பள இங்க என்ன பண்ணுவே? ஊருக்கு வந்துரு புள்ள” என்றார்.

எனக்கும் ஆசைதான், அண்ணா. ஆனால் கல்லறைத் திருநாள் ஞாபகம் வந்தது. ஆள் வராத கல்லறையைத் தேடிப் போய் மெழுகுவத்தி ஏற்றுவாயே. “பாவம், இவரோட ஜனமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம்” என்பாய். இனி உன் கல்லறைக்கு யார் ஏற்றுவார்கள்? அழுதுவிட்டேன். ஊரில் அப்பா அம்மா கல்லறைக்கு ஏற்ற அத்தை பிள்ளைகள் இருக்கிறார்கள்.

“நான் வரல சித்தப்பா. கடலுக்கு அப்பால இருக்கறது இப்ப ஊருதான்” என்றேன்.

“இவளுக்குப் புத்தி பிசகிப்போச்சு” என்று வெற்றிலையைத் துப்ப எழுந்து போனார்.

பக்கத்து வீட்டு மரியக்கா ஓர் அறை தருகிறாள். தையல் மிஷின் நாளைக்கே அங்கே போகிறது. உன் புத்தகமும்தான். அதில் இன்னும் என்னென்ன வார்த்தை ஒளிந்திருக்கிறதோ!

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு மெழுகுவத்தியோடு வருவேன். ஒன்று உனக்கு. இன்னொன்று எந்த மாதிரிக் கல்லறைக்கென்று உனக்கே தெரியும்.

இக்கரையில் இருக்கும்
உன் தங்கை ஞானம்