மறிச்சா இறங்கிற சனம்

6 பெப்ரவரி, செவ்வாய்

மைனஸ் இருபது. கார் ஸ்ராட் வரப் பஞ்சிப்பட்டுது. டோர்செட் பார்க் வீட்டில இருந்து ஒஷாவாவும் தாண்டி ஸ்ரேசனுக்கு வேலைக்கு. ஹீற்றர் இண்டைக்கும் பழுது.

காலமை வந்த முறைப்பாடுகள்: றோட்டில மாடு. பக்கத்து வளவு நாய். ஆரோ தபால்பெட்டியை இடிச்சுப்போட்டு ஓடிட்டான். சுத்திவர வயல், உதுக்கொரு பொலிஸ் ஸ்ரேசன், கவுண்டரில நான். யூனிபோம் இல்லை. போன் எடுக்கிறது, தமிழ் ஆக்கள் ஆம்பிட்டால் மொழிபெயர்க்கிறது.

இண்டைக்கு ஒரு கேஸ் ஆம்பிட்டுது. நேசனாம், முப்பது வயசு. மஷ்ரூம் பண்ணைக்கு வேலைக்குப் போகேக்க, பின்லைட் எரியேல்லை எண்டு கான்ஸ்டபிள் டக் மறிச்சிருக்கிறான். நேசன் காரால இறங்கி, பொக்கற்றுக்குள்ள கையை விட்டுக்கொண்டு பொலிஸ் காரடிக்கு நடந்திருக்கிறான். டக் கத்த, இவன் இன்னும் கெதியா. ஐஸில குப்புறப் போட்டுக் கையை முறிச்சுப்போட்டான் அறுவான். சார்ஜ் வேற, பொலிஸை அடிக்க வந்ததெண்டு.

கேட்ட உடன எனக்கு விளங்கிட்டுது. ஊரில ஆமி மறிச்சா இறங்கி, ஐசி அடையாள அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டு அவங்கள் நிக்கிற சென்றியடிக்குப் போகவேணும். உள்ளுக்கு இருந்தா வெடி விழும். இங்க இறங்கினாக் குற்றம். டக்குக்கு இதைச் சொன்னன். இது கனடா எண்டுபோட்டு சாண்ட்விச்சைக் கடிச்சான். சார்ஜன்ட், கேக்காத விளக்கம் வேண்டாமாம்.

விசர்க் கூட்டம்.

7, புதன்

சினோ கொட்டுது. சப்பாத்துக்குள்ள ஈரம்.

நேசன் வந்தவர். வலது கை மாவுக்கட்டு. அறையில கூட இருக்கிற பெடியன்தான் காரில ஏத்திக்கொண்டு வந்தவன். ஸ்ரேற்மென்ற் எடுக்க நான் மொழிபெயர்ப்பு. மனிசியும் மகளும் கொழும்பு லொட்ஜில. இங்க நிரந்தரமா இருக்கிறதுக்கு லாண்டட் பேப்பர் வரப்போற நேரம். சார்ஜ் நிண்டால் பேப்பரும் நிக்கும், அதுகளும் அங்கயே நிக்கவேண்டியதுதான்.

நேசன்: "சண்டைக்கு இறங்கேல்லை அக்கா. மரியாதைக்கு இறங்கினனான்."

போகேக்க அந்தப் பெடியன், உவவும் பொலிஸ்காரங்கட ஆள்தானே எண்டு எனக்குக் கேக்கத்தக்கதாச் சொன்னான். ஸ்ரேற்மென்ற் பேப்பரை மேசையில அடிச்சு அடுக்கினன்.

பருப்பு அடிப்பிடிச்சுது. வீட்டில மனிசனோட தேவையில்லாமல் கொழுவல். வாங்கவேணும்: உப்பு, கார்க் கண்ணாடிக்கு ஊத்திற தண்ணி, பனடோல்.

8, வியாழன்

சார்ஜன்டுக்கு ஞானம் பிறந்திட்டுது. பொலிஸ் மறிச்சா காருக்குள்ளயே இருங்கோ, கை ஸ்ரியரிங்கில எண்டு பண்ணைச் சனத்துக்குப் படிப்பிக்கட்டாம். அதுவும் டக்கோட. ஒரே காரில. வழி முழுக்க ஹொக்கி நியூஸ் கேட்டான்.

பண்ணையில சாப்பாட்டு அறை. எரு மணம். எங்கட ஆக்கள் ஒரு இருவது பேர், சோத்துப்பெட்டி திறந்தபடி. டக் உள்ளுக்க வந்தான். ஒருத்தர் எழும்பினார். பிறகு எல்லாரும். டக் ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கேல்லை. பொக்கற்றுக்குள்ள கையை விட்டு, ஆளாளுக்குக் கார்ட்டையும் பேப்பரையும் எடுத்து அவனுக்கு நீட்டிக்கொண்டு நிக்குதுகள். ஒரு அங்கிள் குழம்புக் கையைப் பின்னால மறைச்சுக்கொண்டு இடக் கையால.

என்ன சொன்னனீ இவையளுக்கு எண்டு என்னைக் கேக்கிறான் டக். நான் இன்னும் வாயே திறக்கேல்லை எண்டன். அவன்ர முகம் சிவந்துபோச்சு. நல்லா வேணும்.

திரும்பி வரேக்க றேடியோ போடேல்லை.

9, வெள்ளி

காற்று. கோயிலுக்குப் போகேல்லை.

நேசனைக் கூப்பிட்டிருந்தவை. அறைக்குள்ள சார்ஜன்ட், டக், நேசன், நான். சார்ஜைக் கைவிடச் சொல்லி எழுதுவினமாம். ஆனால் கை முறிஞ்சதைப் பற்றி நேசன் முறைப்பாடு செய்யக்கூடாதாம். முறிச்சவன் பேரம் பேசுறான். எளிய சாதியள்.

மொழிபெயர்த்தன். பிறகு என்ர பாட்டில, "தம்பி, ஓம் எண்டு சொல்லாதேங்கோ. லோயர் பிடிப்பம்."

"எவ்வளவு காலம் செல்லும் அக்கா?"

வருசமும் ஆகலாம் எண்டன்.

"மகள் என்னைப் போனில மாமா எண்டு கூப்பிடுறாள்," எண்டார். ஓம் எண்டிட்டார்.

எழும்பி டக்குக்கு இடக் கையை நீட்டினார். தனக்குக் கோபமில்லை எண்டு சொல்லச் சொன்னார். இவருக்குக் கோபமில்லையாம் எண்டு இங்கிலிசில சொன்னன். அதோட நிப்பாட்டேல்லை. எனக்கு இருக்கு எண்டன்.

சார்ஜன்ட் நிமிந்து, அதுவும் அவர் சொன்னதோ எண்டார்.

இல்லை, நான்.

திங்கள் வேலை இருக்கோ தெரியாது. கதிரையில கொழுவியிருந்த சுவெற்றரை எடுத்துக்கொண்டு வந்திட்டன்.