காலி என்று எழுதப்பட்ட சிம்பூலா மேடு

அனுப்புநர்:
மாலிட்டா சசூகா (வயது 46),
செயலாளர், கிராமப் பேரிடர் காப்புக் குழு,
சிம்பூலா கிராமம், ஷீரே ஆற்றங்கரை.
(தற்போது: நமிதோண்டோ பள்ளி முகாம், மூன்றாம் வகுப்பறை)

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மீட்புப் படகு இழப்பு விசாரணைக் குழு,
பிளாண்டயர்.

பொருள்: மார்ச் 15 அன்று படகு கவிழ்ந்தது தொடர்பாக கார்ப்பரல் லாமெக் நங்வாலே மீதுள்ள குற்றச்சாட்டு – சிம்பூலா கிராமம் அன்று காலியாக இருந்தது என்ற பதிவைத் திருத்தக் கோருவது – இறந்தவரின் குடும்பத்தார் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது என்னுடைய நான்காவது மனு. முதல் மனுவை வேறு அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். அந்த அலுவலகத்தில் கொடுத்த இரண்டாவது மனுவுக்குப் பதில் இல்லை. மூன்றாவதைப் பற்றிக் கேட்கப் போனபோது கோப்பு தங்கள் குழுவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன். முந்தைய மனுக்களைத் தாங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளவும்.

2. எங்கள் ஊரில் ஆற்றின் அளவுகோலைப் பார்ப்பது என் வேலை. மார்ச் 11, ஞாயிறு காலை, பூசைக்கு முன்பே தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது. விசில் ஊதினேன். வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். பெரும்பாலோர் அன்றே கால்நடையாக நமிதோண்டோ பள்ளிக்குப் புறப்பட்டார்கள். பெயர்ப் பட்டியலோடு நானும் அவர்களுடன் போனேன். முகாமில் ஆள் கணக்கு ஒப்படைப்பது செயலாளரின் கடமை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

3. நாற்பத்தொரு பேர் பின்தங்கிவிட்டார்கள். சிலருக்கு நடக்க முடியவில்லை. சிலர் சாமான் கட்டினார்கள். தென்சன் என்பவர் ஆடுகளை விட்டு வர மறுத்தார். "ஆட்டையெல்லாம் தண்ணிக்குக் குடுத்துட்டு, நான் மட்டும் பள்ளிக்கூடத்துல போயி உக்காந்து கஞ்சி குடிக்கணுமா மாலிட்டா? போ போ, ஒன் விசில வேற எங்கயாவது ஊது" என்றார். அவர்கள் கிளம்புவதற்குள் சாலை அறுந்துவிட்டது. எல்லோரும் ஊருக்கு மேற்கே உள்ள மாமர மேட்டில் ஏறிக்கொண்டார்கள். என் தங்கை ஜாயிசியும் அங்கேதான் இருந்தாள். தென்சனின் மனைவிக்கு இடுப்பு ஒடிந்திருந்ததால் அவரைத் தூக்குவதற்காக அவள் நின்றுவிட்டாள்.

4. மூன்று நாள் கழித்து, 14ஆம் தேதி புதன் பிற்பகலில், ராணுவத்தார் லாரிகளில் இரண்டு படகுகளோடு வந்தார்கள். படகுக்கு ஒரு நடையாக மேட்டுக்குப் போய் இருபது பேரைக் கொண்டுவந்தார்கள். தென்சனின் மனைவி அதில் வந்துவிட்டார். இருட்டிவிட்டதால் மீதியை மறுநாள் பார்க்கலாம் என்று நிறுத்தினார்கள். மேட்டில் இருபத்தொரு பேர் மீதம்.

5. இனி சொல்வது எனக்கு எதிரானது. அன்று மாலை முகாம் அலுவலர் ஒரு தாளை நீட்டி, "வந்தவங்களுக்குப் போர்வை குடுக்கணும், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். மழை பெய்துகொண்டிருந்தது. பிள்ளைகள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளின் மேல்பகுதியில் "சிம்பூலா – மீட்பு நிறைவு – கிராமம் காலி" என்று இருந்தது. நான் படிக்கவில்லை. என்னை யாரும் ஏமாற்றினார்கள் என்று எழுத மாட்டேன். அந்த அலுவலரும் மூன்று நாளாகத் தூங்கவில்லை. வந்த இருபது பேரோடு எங்கள் ஊர் முடிந்துவிட்டது என்று அவர் நினைத்திருக்கலாம். கையெழுத்து என்னுடையதுதான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்.

6. மறுநாள் காலை ஏழு மணிக்குப் படகுகளை மறுபடி லாரியில் ஏற்றிக் கட்டுவதைப் பார்த்தேன். ஒரு லாரி புறப்பட்டே போய்விட்டது. வேறொரு முகாமுக்கு உத்தரவு வந்திருந்தது. எங்களைவிட மோசமான இடங்கள் இருந்திருக்கும், அதில் எனக்குக் குறையில்லை. நான் ஓடிப்போய் இரண்டாவது லாரியின் கதவைத் தட்டினேன். முந்தின நாள் படகில் போகாத, அன்று காலைதான் பொறுப்பேற்ற கார்ப்பரல் நங்வாலே இறங்கினார்.

"அம்மா, ஊர்ல ஒருத்தரும் இல்லன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார்.

"நான் போட்டது போர்வைக்கு. மேட்டுல இன்னும் இருபத்தொரு பேரு இருக்காங்க" என்றேன்.

அவர் நகலை எடுத்து எனக்கே வாசித்துக் காட்டினார். அவர் என்னைத் திட்டவில்லை. "மேட்டுல கொழந்தைங்க எத்தன பேரு?" என்று மட்டும் கேட்டார். ஏழு என்றேன்.

7. அவர் வயர்லெஸ்ஸில் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இருபத்தொரு பேர் இருக்கிறார்கள் என்று மூன்று முறை சொன்னார். பட்டியலில் அந்தக் கிராமம் முடிந்துவிட்டது, அடுத்த இடத்துக்குப் போகவும் என்பதே மூன்று முறையும் வந்த பதில். அவர் கருவியை இருக்கையில் வைத்தார். கூட இருந்த சிப்பாயிடம், "கயித்த அவுறு. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு" என்றார். அந்தச் சிப்பாய், "கேக்காமலா இருப்பாங்க" என்று முனகிக்கொண்டே அவிழ்த்தார்.

8. முதல் நடையில் ஏழு குழந்தைகளையும் நான்கு பெண்களையும் கொண்டுவந்தார்கள். கைக்குழந்தை ஒன்றைக் கார்ப்பரல் தன் சட்டைக்குள் வைத்திருந்தார். மேட்டில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது என்று வந்தவர்கள் சொன்னார்கள். இரண்டாவது நடைக்குப் போனவர்கள் வெகுநேரம் வரவில்லை. மீதிப் பத்துப் பேரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், தண்ணீருக்குள் மூழ்கியிருந்த கூரை ஒன்றில் மோதி இயந்திரம் பிய்ந்துபோனது. படகு கவிழ்ந்தது. ஒன்பது பேரையும் இரண்டு ராணுவத்தாரையும் மீன்பிடிப்பவர்கள் பிற்பகலில் மரக்கிளைகளிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். ஒருவர் வரவில்லை. ஐந்தாம் நாள் நாணல் காட்டில் கிடைத்தாள். அவள்தான் என் தங்கை ஜாயிசி சசூகா. வயது 38.

9. தென்சன் உயிரோடு இருக்கிறார். ஒரு கிளையில் காலைப் பின்னிக்கொண்டு, கார்ப்பரல் ஒரு கையால் அவரையும் மறு கையால் என் தங்கையையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்திருந்ததாக அவர்தான் சொன்னார். வெள்ளத்தில் அடித்துவந்த கட்டை ஒன்று ஜாயிசியின் மேல் மோதியது. மறுநாள், வெள்ளிக்கிழமை, மேடு இருந்த இடத்தில் மாமரங்களின் உச்சி இலைகள் மட்டுமே தெரிந்தன. யாரும் போகாமல் இருந்திருந்தால் அங்கே எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்பதைத் தாங்களே கணிக்கலாம்.

10. கார்ப்பரல் மீதான குற்றச்சாட்டின் நகலை எனக்குச் சாட்சி என்ற முறையில் அனுப்பியிருந்தார்கள். உத்தரவை மீறினார், அரசுப் படகை இழந்தார், காலியான கிராமத்துக்குத் தேவையின்றிச் சென்று ஒரு பெண்ணின் மரணத்துக்குக் காரணமானார் என்று அதில் உள்ளது. முதல் இரண்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. மூன்றாவதைப் பணிவுடன் கேட்கிறேன்: ஊர் காலி என்றால் என் தங்கை எங்கிருந்து படகில் ஏறினாள்? அவளுடைய இறப்பைப் பதியப் போனபோதும் இதே பதிவைக் காட்டி, சிம்பூலாவில் அன்று யாரும் இல்லை, எனவே வெள்ள இறப்புப் பட்டியலில் சேர்க்க முடியாது என்றார்கள். ஒரே வரி அவளை அங்கே இல்லாதவள் ஆக்குகிறது, கார்ப்பரலைக் கொலைகாரர் ஆக்குகிறது.

11. மே மாதம் முகாம் அலுவலர் இன்னொரு தாளோடு வந்தார். மீட்கப்பட்ட மக்கள் தாங்களாகவே மேட்டுக்குத் திரும்பிப் போனதாக அதில் இருந்தது. "இதுல ஒரு கையெழுத்து விழுந்துட்டா எல்லாருக்கும் வேல சுலபமா முடிஞ்சிடும்மா. ஒங்க தங்கச்சி பேரும் பதிவாயிடும்" என்றார். இம்முறை இரண்டு தடவை படித்தேன். போடவில்லை. "யோசிச்சு வைங்க" என்று தாளை விட்டுப் போனார். இத்துடன் அதை இணைத்துள்ளேன்.

12. ஜூலையில் கார்ப்பரல் நங்வாலே சாதாரண உடையில் முகாமுக்கு வந்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றார். பிறகு, "ஒங்க தங்கச்சி கைய விட்டவன் நாந்தாம்மா" என்றார். களியும் கெளுத்தி மீனும் இருந்தது, வைத்தேன். பாதி சாப்பிட்டார். ஜாயிசியை அடக்கம் செய்த இடத்தைக் காட்டச் சொன்னார், காட்டினேன். அவர்மேல் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் எந்தப் புகாரும் இல்லை. என் தாயாரும் இதைச் சொல்லச் சொன்னார்.

13. ஆகவே நான் வேண்டுவது: "கிராமம் காலி" என்ற வரியை நீக்கி, மேட்டில் இருந்த இருபத்தொரு பேரின் பெயர்களை அங்கே எழுதவும். ஜாயிசியின் பெயரை வெள்ளத்தில் இறந்தவர்களின் பட்டியலில் சேர்க்கவும். படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு. அதற்கு ஏதேனும் தண்டனை உண்டென்றால் அது எனக்கு வரட்டும், கார்ப்பரலுக்கு வேண்டாம். அவரைத் திரும்பப் பணியில் சேர்க்க ஆவன செய்யவும். அழைத்தால் நாங்கள் எல்லோரும் பிளாண்டயருக்கு வருவோம். தென்சனும் வருவார். இந்த முறை ஆடுகளை அண்டை வீட்டில் விட ஒப்புக்கொண்டிருக்கிறார்.

14. நவம்பரில் மழை தொடங்கிவிடும். நான் மறுபடி அளவுகோலைப் பார்க்கப் போவேன். படகு கேட்டுத் தகவல் அனுப்புவேன். அப்போது அனுப்பப்படும் சிப்பாய்க்கும் இந்த வழக்கின் முடிவு தெரிந்திருக்கும். கார்ப்பரலுக்குத் தண்டனை என்று அவர் கேள்விப்பட்டிருந்தால், நான் எவ்வளவு தட்டினாலும் லாரிக் கதவைத் திறக்க மாட்டார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. இதைத் தாங்கள் நவம்பருக்கு முன் முடித்துத் தர வேண்டும், ஐயா.

இடம்: நமிதோண்டோ பள்ளி முகாம்
நாள்: 20 ஆகஸ்ட் 2018

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) மாலிட்டா சசூகா

இணைப்பு:
அ. மார்ச் 14 தேதியிட்ட படிவத்தின் நகல்.
ஆ. மே மாதம் கொடுக்கப்பட்ட, கையெழுத்திடப்படாத தாள்.
இ. மார்ச் 15 அன்று மேட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட இருபது பேரின் பெயர்கள், பெரியவர்கள் பதின்மூவரின் கைநாட்டுடன். குழந்தைகள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டதால், கைக்குழந்தை உட்பட ஏழு பேருடைய விரல் ரேகையும் பதியப்பட்டுள்ளது.