முகூர்த்த நாளில் ஒரு பொருளாதாரச் சொற்பொழிவு

என் அன்பு அண்ணி,

எங்கே இருந்தாலும் காபியில் சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டுத்தான் குடித்துக்கொண்டிருப்பீர்கள். தடுக்க நான் பக்கத்தில் இல்லை, கொண்டாட்டம்தான். இங்கே நாங்கள் நலம். அண்ணன் இண்டூர்த் தோட்டமே கதி என்று மாங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்.

மாதம் ஒரு ஞாயிறு, நம் பல்கலைக்கழக மையத்தில் ஊர்மக்களுக்காகப் பொருளாதாரம் பேசுவீர்களே, நீங்கள் போனபின் அதை யாரும் தொடவில்லை. "பேசினவங்களே இல்லாதப்ப எதுக்கும்மா?" என்றார் துறைத்தலைவர். நான் விடவில்லை. ஒரே ஒரு கூட்டம் வைத்துப் பார்ப்போம், ஆள் வராவிட்டால் அதோடு நிறுத்திவிடுவோம் என்று அரைமனதாக ஒத்துக்கொண்டார்.

இத்தனை வருடமும் உங்களை அறிமுகப்படுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்ததுதானே என் வேலை? அண்ணியும் நாத்தனாரும் ஒரே துறையில் இருந்தால் கீரியும் பாம்பும்தான் என்று ஊர் சொன்னது. அந்த நாத்தனார்தான் உங்கள் மேடையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பயமாகத்தான் இருந்தது அண்ணி.

'தக்காளி விலை ஏன் இந்த ஆட்டம் ஆடுகிறது?' என்று தலைப்பு வைத்தேன். நோட்டீஸ் அடித்து ஏரியூர் வரைக்கும் ஒட்டியாயிற்று. ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. அது ஆவணி மாதத்து ஞாயிறு, வளர்பிறை முகூர்த்தம்.

நீங்கள் தேதி குறிக்குமுன் தினசரி காலண்டரைத்தான் முதலில் புரட்டுவீர்கள். புதிதாக வந்த பேராசிரியர் ஒருவர், "பொருளாதாரம் படிச்சிட்டு நல்ல நேரம் பாக்கறீங்களே மேடம்" என்று சிரித்தார். "எனக்கு நல்ல நேரம் எதுக்குங்க? ஜனங்க அன்னிக்கு எங்க போவாங்கன்னு பாக்கறேன்" என்றீர்கள். பக்கத்தில் நின்று கேட்ட எனக்கு அது புத்தியில் ஏறவில்லை பாருங்கள்.

பதினொரு மணிக்குக் கூடத்தில் எங்கள் துறை ஆட்களையும் வாட்ச்மேனையும் விட்டால், சித்தேரியிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்த ஒரு பெரியவர் மட்டும்தான். வெளியே ரோட்டில் வேன் வேனாகப் பட்டுப்புடவைகள் போகின்றன. துறைத்தலைவர் நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்ளோதான் போலம்மா" என்றார். உங்கள் பெயர் இந்தக் கட்டடத்திலிருந்து என் அவசரத்தாலேயே போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் செல்போன் அடித்தது. முன்வரிசையில் உட்கார்ந்து உங்களோடு மல்லுக்கு நிற்பாரே, மளிகைக்கடை சரவணன், அவர்.

"மேடம், முகூர்த்தத்துல கூட்டம் வெச்சிட்டீங்களே! நம்ம ஆளுங்க பாதிப் பேரு இங்க மண்டபத்துலதாங்க இருக்கறோம். தாலி கட்டியாச்சி. ஒரு வாய் சாப்டுட்டு வந்துர்றோம், பூட்டிராதீங்க."

"எவ்ளோ நேரம் ஆகுங்க?"

"பந்தியில எடம் புடிச்சாச்சிங்க."

பந்திக்கு முந்தியவர்கள் சொற்பொழிவுக்குப் பிந்தித்தான் வந்தார்கள். ஆனால் வந்தார்கள் அண்ணி! அந்த மண்டபம், இந்த மண்டபம் என்று நாலாபக்கமிருந்தும் வந்தார்கள். எல்லார் கையிலும் தாம்பூலப் பை, பெண்கள் தலை நிறைய மல்லிகை. நம் கூடம் என்றைக்காவது அப்படி மணத்திருக்கிறதா? துறைத்தலைவரே எழுந்துபோய்ப் பக்கத்து வகுப்பறையிலிருந்து நாற்காலி தூக்கி வந்தார்.

பேசினேன். பாயசம் வேலையைக் காட்ட, சரவணனே கொஞ்சம் குறட்டை விட்டார். எல்லாரும் ஒரே சமயத்தில் தக்காளி நட்டால் விலை ஏன் விழுகிறது என்று சொல்லி முடித்ததும், ஏரியூர்ப் பெண் ஒருவர் கை தூக்கினார்.

"ஏங்க மேடம், மத்தவங்க தக்காளி போடறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா நாங்க எல்லாருமே அத வுட்டுட்டு வேற போட்டுருவோம். அப்ப அந்தச் சரக்கு வெல எறங்காதுங்களா? யாரு போடறது, யாரு வுடறது?"

புத்தகத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது, படமும் இருக்கிறது. ஆனால் அவருக்குச் சொல்லும்படியாக ஒரு பதில் அந்த நேரத்தில் என்னிடம் இல்லை. "உடனே சொல்லத் தெரியலீங்க. யோசிச்சு அடுத்த மாசம் சொல்றேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அடுத்த மாதமும் உண்டு என்று துறைத்தலைவர் இன்னும் சொல்லவில்லையே? நன்றி சொல்ல எழுந்த அவர் மைக்கைப் பிடித்தார். "இந்த ஏரியூர் அம்மா கேட்டதுக்குப் பதில் எனக்கும் தெரியணும். அடுத்த மாசம் வந்துருங்க" என்றார். கைதட்டலில் சரவணன் விழித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின் பார்க்கிறேன், கடைசி வரிசையில் அண்ணன். கல்யாணத்துக்குக் கட்டிய வேட்டியோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். "தெனம் வூட்லயே கேக்கறேன், அங்க வேற வந்து கேக்கணுமா?" என்று உங்களைக் கேலி செய்து ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவர்.

"அவளும் இப்டித்தான் பேசுவாளா பாப்பா?"

"இல்லண்ணா. அண்ணி பேசினா ஒருத்தரும் தூங்க மாட்டாங்க."

சிரித்தார். பிறகு மேடையையே பார்த்துக்கொண்டு, "ஒரு தடவ வந்து ஒக்காந்திருக்கலாம்" என்றார். இருவரும் அழுதோம். வாட்ச்மேன் கூடத்தைப் பூட்டாமல் வெளியே காத்திருந்தார்.

அண்ணி, அண்ணன் அடுத்த மாதமும் வருகிறாராம். எங்கே நிறுத்துவீர்கள், எதற்குச் சிரிப்பீர்கள், எந்தக் கேள்விக்கு மேடையை விட்டே இறங்கி வந்து பதில் சொல்வீர்கள் என்று ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அவருக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்காமல் விட்ட உங்கள் பேச்சையெல்லாம், நான் இருக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்க வைத்துவிடுகிறேன். இது உங்கள் மேல் சத்தியம்.

ஊருக்கு நாத்தனார், உங்களுக்குத் தங்கச்சி,
சுமதி